மேற்கோள் குறி படுத்தும் பாடு: சப்ப்ராசஸ் ஆர்க்யுமென்ட் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

டெர்மினலில் தட்டினால் ஒழுங்காக ஓடும் கட்டளை, அதையே நம் கோடுக்குள் (நிரலுக்குள்) வைத்துச் சப்ப்ராசஸாக, அதாவது கோடு தொடங்கிவைக்கும் தனிப் புரோகிராமாகக் கூப்பிட்டால் முரண்டு பிடிக்கிறது. கோப்பு இல்லை என்கிறது, ஒரே பெயரை இரண்டாக உடைத்துப் படிக்கிறது, அல்லது எங்கிருந்தோ ஒரு மேற்கோள் குறி விளைவுக்குள் ஒட்டிக்கொண்டு வருகிறது. இந்த இடத்தில் கை தானாக ஒரு பேக்ஸ்லாஷைச் சேர்க்கப் போகும். தயவுசெய்து சேர்க்காதீர்கள். பேக்ஸ்லாஷைக் கூட்டியும் குறைத்தும் ஒருவழியாக ஓடவைத்த கட்டளை, நாளைக்கு வேறு மாதிரி ஒரு கோப்புப் பெயர் வந்ததும் மறுபடி உடையும்.

மேற்கோள் குறி ஆர்க்யுமென்டின், அதாவது புரோகிராமுக்கு நாம் கொடுக்கும் மதிப்பின், பகுதியே அல்ல. ‘இங்கிருந்து இதுவரை ஒரே துண்டு’ என்று ஷெல்லுக்கு (டெர்மினலில் தட்டும் வரியைப் படித்துக் கட்டளையை ஓட்டும் புரோகிராமுக்கு) நாம் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான். ஷெல் அதைப் படித்து, வரியைத் துண்டுகளாக்கி, குறியைத் தூக்கி எறிந்துவிடும். புரோகிராமின் கைக்குப் போய்ச் சேருவது வெறும் துண்டுகளின் வரிசை. லினக்ஸிலும் மேக்கிலும் சிஸ்டத்தின் மையமான கெர்னல் ஒரு புரோகிராமைத் தொடங்கும்போது வாங்குவது ஸ்ட்ரிங்குகளின் (எழுத்துத் தொடர்களின்) வரிசையைத்தான். மேற்கோள் குறிக்கு அங்கே எந்த அர்த்தமும் கிடையாது.

அதனால் எந்த அறிகுறி வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: என் கோடுக்கும் அந்தப் புரோகிராமுக்கும் நடுவில், இந்த வரியைப் படித்துப் பிரிக்கிறவர் எத்தனை பேர்? யாரும் இல்லையென்றால் மேற்கோள் குறி கூடவே கூடாது. ஒருவர் இருந்தால் ஒரு முறை போட வேண்டும். இரண்டு பேர் இருந்தால் இரண்டு முறை. கீழே வரும் பிழைகள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கணக்குத் தப்பியதால் வருபவை. (கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

எதையும் மாற்றும் முன்: என்ன போகிறது என்று கண்ணால் பாருங்கள்

தனக்கு வந்த ஆர்க்யுமென்ட்களை வரிக்கு ஒன்றாக, சதுர அடைப்புக்குள் போட்டு அச்சிடும் ஒரு குட்டிப் புரோகிராமை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பைத்தானில் நான்கு வரிகூட ஆகாது. தகராறு வரும்போது உண்மையான புரோகிராமின் இடத்தில் இதை வைத்து, மற்றதை மாற்றாமல் ஓடவிடுங்கள். இப்படி ஏதாவது வரும்:

1: [--தலைப்பு="மாத]
2: [அறிக்கை"]

இதைப் பார்த்தவுடன் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. ஸ்பேஸில் யாரோ வெட்டியிருக்கிறார்கள், ஆனால் அவருக்கு மேற்கோள் குறி புரியவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிகிறது.

பலரும் செய்வது வேறு. ஆர்க்யுமென்ட்களை ஸ்பேஸ் போட்டு ஒட்டி லாக்கில் எழுதுகிறார்கள். லாக் வரியை எடுத்து டெர்மினலில் ஒட்டினால் ஓடுகிறது, ‘கட்டளை சரியாகத்தானே இருக்கிறது’ என்று வேறு இடத்தில் தேடப் போய்விடுகிறார்கள். ஒட்டி எழுதிய நொடியிலேயே எது எங்கே முடிந்தது என்ற தகவல் அழிந்துபோகிறது. லாக் எழுதுவதென்றால் லிஸ்ட்டை லிஸ்ட்டாகவே எழுதுங்கள்.

புரோகிராமை மாற்றிவைக்க வழியில்லையென்றால், லினக்ஸில் எஸ்-ட்ரேஸ் கருவியை எக்ஸெக்வீ அழைப்புக்கு (புரோகிராமைத் தொடங்கச் சொல்லிக் கெர்னலுக்குப் போகும் அழைப்பு) மட்டும் வடிகட்டி ஓட்டுங்கள். அது இயல்பாக 32 எழுத்துக்கு மேல் ஸ்ட்ரிங்கைக் காட்டாது என்பதால் நீளத்தைக் கூட்டும் ஆப்ஷனையும், குழந்தை ப்ராசஸ்களைப் பின்தொடரும் ஆப்ஷனையும் சேர்க்க மறக்காதீர்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் கமாண்ட் லைன் பத்தியைச் சேர்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்குப் போன முழு வரியும் தெரியும்.

அறிகுறி: ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’, செய்தியில் முழுக் கட்டளையும் கோப்புப் பெயராக வருகிறது

பைத்தானில் சப்ப்ராசஸ் ஃபங்ஷனுக்கு "கிரெப் -என் பிழை பதிவு.லாக்" என்று ஒரே ஸ்ட்ரிங்காகக் கொடுத்திருப்பீர்கள். ஷெல் இல்லாமல் ஓட்டும்போது லினக்ஸும் மேக்கும் அந்த முழு ஸ்ட்ரிங்கையும் புரோகிராமின் பெயராக எடுத்துக்கொள்கின்றன. இதே வரி விண்டோஸில் ஓடும், ஏனென்றால் அங்கே சிஸ்டமே ஒற்றை ஸ்ட்ரிங்கைத்தான் எதிர்பார்க்கிறது. விண்டோஸில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றும்போது இது வெளிப்படுவது அதனால்தான்.

தீர்வு, லிஸ்ட்டாகக் கொடுப்பது: ["கிரெப்", "-என்", "பிழை", "பதிவு.லாக்"]. ஷெல்லை ஆன் செய்தாலும் பிழைச் செய்தி மறையும், ஆனால் நடுவில் ஒரு ஆளை நீங்களே கூப்பிட்டு உட்கார வைத்ததாகிவிடும். அவர் என்ன செய்வார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஸ்பேஸில் வெட்டும் சாதாரண ஸ்ப்ளிட்டையும் நம்ப வேண்டாம். அதற்கு மேற்கோள் தெரியாது. பைத்தானின் ஷ்லெக்ஸ் ஸ்ப்ளிட்டுக்கு (ஷெல் மாதிரியே வரியைப் பிரிக்கும் ஃபங்ஷன்) அது தெரியும், ஆனால் அதற்கும் இடம் பொருள் உண்டு. மனிதர் ஒருவர் கான்ஃபிக் கோப்பில் கையால் எழுதிய வரியைப் பிரிக்க அது சரியான கருவி. உங்கள் கோடே மாறிகளைக் கோத்து ஒரு வரியைக் கட்டி, அதை அப்புறம் ஷ்லெக்ஸால் பிரிப்பதில் அர்த்தமில்லை. கோப்புப் பெயரில் ஒரே ஒரு ஒற்றை மேற்கோள் வந்தால் போதும், ‘மேற்கோள் மூடப்படவில்லை’ என்று வேல்யூ எரர் எறியும். துண்டுகள் தனித்தனியாகக் கையில் இருக்கும்போது எதற்கு ஒட்டிவிட்டு வெட்ட வேண்டும்?

அறிகுறி: மேற்கோள் குறி ஆர்க்யுமென்டுக்கு உள்ளேயே போய்விடுகிறது

அடிக்கடி வருவதும் கண்டுபிடிக்கச் சிரமமானதும் இதுதான். லிஸ்ட்டுக்கு மாறிய பிறகும், டெர்மினல் பழக்கத்தில் மேற்கோளை விடாமல் எழுதுகிறோம்:

["பிடிஎஃப்-கருவி", "--தலைப்பு=\"மாத அறிக்கை\""]

இங்கே படித்துப் பிரிக்க ஒருவரும் இல்லை. அதனால் பிடிஎஃப் கோப்பின் தலைப்பு "மாத அறிக்கை" என்று மேற்கோளோடேயே பதிவாகும். "--தலைப்பு=மாத அறிக்கை" என்று எழுதினால் போதும். ஸ்பேஸ் இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். லிஸ்ட்டில் ஒரு உறுப்பு என்றால் அது ஒரு ஆர்க்யுமென்ட், உள்ளே எத்தனை ஸ்பேஸ் இருந்தாலும் சரி.

இதே தவறு ஃபைண்ட் கட்டளையில் வேறு முகம் காட்டும். பெயர்த் தேடலுக்கு டெர்மினலில் '*.லாக்' என்று ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுவோம். நட்சத்திரத்தை ஷெல் விரித்துவிடாமல் காப்பதுதான் அந்த மேற்கோளின் வேலை. அதை அப்படியே லிஸ்ட்டில் போட்டால், பெயரிலேயே ஒற்றை மேற்கோள் உள்ள கோப்புகளை ஃபைண்ட் தேடும். ஒன்றும் கிடைக்காது. ஆனால் பிழையும் வராது; வெற்றி என்று பூஜ்யத்தைத் திருப்பித் தந்துவிட்டு முடிந்துவிடும். பழைய லாக்குகளை அழிக்கும் ஒரு வேலை இப்படி ஓடினால், டிஸ்க் நிரம்பும் வரை யாருக்கும் தெரியாது.

ஃபைண்டின் எக்ஸெக் பகுதியும் இதே கதைதான். டெர்மினலில் முடிவைக் குறிக்க \; என்று எழுதுகிறோம். அந்த பேக்ஸ்லாஷ் ஷெல்லுக்கானது. ஃபைண்டுக்கு வேண்டியது வெறும் அரைப்புள்ளி. லிஸ்ட்டில் ";" என்று மட்டும் எழுதுங்கள். பேக்ஸ்லாஷோடு அனுப்பினால், எக்ஸெக் ஆப்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் குறைகிறது என்று புகார் வரும், நீங்கள் ஒழுங்காக முடித்திருக்கிறோமே என்று முழிப்பீர்கள். வரி வரியாகத் தரவை அலசும் ஆக் கட்டளைக்குத் தரும் குட்டிப் புரோகிராமைச் சுற்றியுள்ள ஒற்றை மேற்கோள்களும் இப்படியே உதிர வேண்டியவை.

ஜாவாவில் ரன்டைம் எக்ஸெக்கின் ஒற்றை ஸ்ட்ரிங் வடிவம் ஸ்பேஸில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும், மேற்கோளை மதிக்காது. மேலே காட்டிய [--தலைப்பு="மாத] வரி அந்த மாதிரி வெட்டியதன் அடையாளம். ஜாவா 18இலிருந்து அந்த வடிவத்தை வழக்கொழிந்தது என்று குறித்துவிட்டார்கள். ப்ராசஸ் பில்டருக்கு லிஸ்ட்டாகக் கொடுங்கள். டாட்நெட்டில் ஆர்க்யுமென்ட்ஸ் என்ற ஸ்ட்ரிங்குக்குப் பதில் ஆர்க்யுமென்ட் லிஸ்ட்டைப் பயன்படுத்துங்கள்; டாட்நெட் கோர் 2.1 முதல் இருக்கிறது.

பேஷ் ஸ்கிரிப்டில் இது மாறிக்குள் ஒளிந்து வரும். ஆப்ஷன்களை ஒரு மாறியில் "-எம் 'முதல் பதிப்பு'" என்று சேமித்துவிட்டு, பிறகு அந்த மாறியைக் கிட் கமிட்டுக்குக் கொடுப்பார்கள். மாறியை விரித்த பிறகு பேஷ் ஸ்பேஸில் வெட்டுமே தவிர, உள்ளே இருக்கும் மேற்கோளை மறுபடி படிக்காது. கிட்டுக்கு ['முதல்] ஒரு துண்டு, [பதிப்பு'] இன்னொரு துண்டு. ஈவல் (ஸ்ட்ரிங்கைக் கட்டளையாக மறுபடி படிக்க வைப்பது) போட்டுச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரேயில் வைத்து, இரட்டை மேற்கோளுக்குள் விரியுங்கள்.

டாக்கர் கோப்பில் கட்டளையை லிஸ்ட் வடிவில் எழுதும்போது ஒற்றை மேற்கோள் போட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அந்த வடிவம் ஜேசன். ஜேசனில் இரட்டை மேற்கோள் மட்டுமே செல்லும். ஒற்றை மேற்கோள் வந்தால் டாக்கர் அதை லிஸ்ட்டாகவே கருதாமல், ஷெல்லுக்கான வரி என்று எடுத்துக்கொள்ளும். வேர்ட் கோப்பிலிருந்து கட்டளையை நகலெடுத்திருந்தால் இன்னொரு சந்தேகமும் உண்டு: வளைந்த மேற்கோள் குறிகள். ஷெல்லுக்கு அவை வெறும் எழுத்துகள். ஆப்ஷனின் முன்னால் உள்ள -- குறி நீண்ட ஒற்றைக் குறியாக (—) மாறியிருப்பதும் அதே இடத்திலிருந்து வரும் தொல்லை.

அறிகுறி: லிஸ்ட்டாகத்தான் கொடுத்தேன், ஆனாலும் பெயர் இரண்டாக உடைகிறது

அப்படியானால் வழியில் இன்னொருவர் இருக்கிறார். நீங்கள் கூப்பிடுவது ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக இருந்து, அது உள்ளே உண்மையான புரோகிராமைக் கூப்பிடுகிறதா என்று பாருங்கள். அந்த ஸ்கிரிப்டில் $* என்றோ மேற்கோள் இல்லாத $@ என்றோ இருந்தால் அங்கேதான் உடைகிறது. "$@" என்று இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் மட்டுமே துண்டுகள் வந்தபடியே கடந்து போகும்.

வேறொரு மெஷினில் கட்டளையை ஓட்டும் எஸ்எஸ்ஹெச் இன்னும் நுணுக்கமானது. ["எஸ்எஸ்ஹெச்", "சர்வர்", "எல்எஸ்", "மாத அறிக்கை"] என்று எவ்வளவு கவனமாகப் பிரித்துக் கொடுத்தாலும், எஸ்எஸ்ஹெச் கடைசித் துண்டுகளை ஸ்பேஸ் வைத்து ஒட்டி, எல்எஸ் மாத அறிக்கை என்ற ஒரே வரியாக அந்தப் பக்கம் அனுப்பும். அங்கே இருக்கும் ஷெல் அதைத் திரும்ப வெட்டும். இந்தப் பக்கம் பிரிப்பவர் யாரும் இல்லை, அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார். ஆகவே ஒரு முறை மேற்கோள் தேவை, அது அந்தப் பக்கத்து ஷெல்லுக்கானது. பைத்தானில் ஒவ்வொரு மதிப்பையும் ஷ்லெக்ஸ் கோட் (மதிப்பைச் சுற்றி ஷெல்லுக்கான மேற்கோள் போடும் ஃபங்ஷன்) வழியாக அனுப்பி, முழுத் தொலைக் கட்டளையையும் ஒரே ஸ்ட்ரிங்காகக் கட்டி, அதை எஸ்எஸ்ஹெச்சுக்கு ஒரே ஆர்க்யுமென்டாகக் கொடுங்கள். பைத்தான் 3.8 முதல் ஷ்லெக்ஸ் ஜாயின் இதை ஒரே அடியில் செய்துவிடும்.

அறிகுறி: தெரிந்த ஆப்ஷனையே தெரியாது என்கிறது

இரண்டு ஆர்க்யுமென்ட்களை ஒரே உறுப்பாக எழுதியிருப்பீர்கள். "--லைன்ஸ் 5" என்று ஹெட் கட்டளைக்குக் கொடுத்தால், ‘--லைன்ஸ் 5’ என்ற ஆப்ஷனே தெரியாது என்று நடுவில் ஸ்பேஸோடு பிழை காட்டும். அந்த ஸ்பேஸ்தான் துப்பு. "--லைன்ஸ்", "5" என்று பிரியுங்கள்.

கோப்புப் பெயரே - குறியில் தொடங்கினாலும் இதே செய்தி வரும். மேற்கோளால் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பெயரை ஆப்ஷன் என்று நினைப்பது புரோகிராம்தான், ஷெல் அல்ல. ஆப்ஷன்கள் முடிந்ததைக் காட்டும் -- குறியைப் பெயருக்கு முன்னால் வையுங்கள். அதை மதிக்காத புரோகிராமுக்கு, பெயரின் முன்னால் ./ சேர்த்துக் கொடுக்கலாம்.

அறிகுறி: நட்சத்திரம் (*), டில்டே (~), பைப் (|) எதுவும் வேலை செய்யவில்லை

இவை ஷெல்லின் வேலைகள். ஷெல் இல்லாவிட்டால் இவையும் இல்லை. கோப்புகளை விரிக்க உங்கள் மொழியின் குளோப் வசதி, வீட்டு அடைவுக்கு அதற்கான ஃபங்ஷன், பைப்புக்கு இரண்டு ப்ராசஸ்களை இணைப்பது. இதற்காக மட்டும் ஷெல்லை ஆன் செய்ய வேண்டாம்.

அறிகுறி: ஷெல் ஆனில் இருக்கிறது, ஆர்க்யுமென்ட்கள் காணாமல் போகின்றன

பைத்தானில் லிஸ்ட்டும் கொடுத்து ஷெல்லையும் ஆன் செய்தால், லினக்ஸிலும் மேக்கிலும் முதல் உறுப்பு மட்டுமே கட்டளையாக ஓடும். மற்றவை ஷெல்லின் சொந்த ஆர்க்யுமென்ட்களாகப் போய்விடும். ["எல்எஸ்", "-எல்"] கொடுத்து விவரம் இல்லாத வெறும் பட்டியல் வந்தால் காரணம் இதுதான். ஒன்று லிஸ்ட், இல்லையென்றால் ஷெல், இரண்டையும் கலக்காதீர்கள்.

ஸ்ட்ரிங்கும் ஷெல்லும் என்றால் நடப்பது வேறு. இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் $ குறியை ஷெல் மாறி என்று நினைத்து விழுங்கிவிடும். அதைவிட மோசம், வெளியிலிருந்து வந்த கோப்புப் பெயரில் அரைப்புள்ளியும் அதன் பின்னால் ஒரு அழிக்கும் கட்டளையும் இருந்தால், ஷெல் அதையும் கடமையாக ஓட்டிவிடும். பெயரைச் சுற்றி நாமே மேற்கோள் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பது ஆபத்து. பெயருக்குள்ளேயே ஒரு மேற்கோள் இருந்தால் அந்த வேலி திறந்துகொள்ளும்.

பைப் மாதிரி ஏதாவது காரணத்துக்காக ஷெல் கட்டாயம் வேண்டுமென்றால், எனக்குப் பிடித்த வழி இது:

["எஸ்ஹெச்", "-சி", 'கிரெப் -- "$1" "$2" | சார்ட்', "எஸ்ஹெச்", தேடும்_சொல், கோப்பு]

மூன்றாவது உறுப்பு மாறாத ஸ்கிரிப்ட். நம் கோடு அதற்குள் எதையும் கோப்பதில்லை. மதிப்புகள் பின்னால் தனி ஆர்க்யுமென்ட்களாகப் போய் $1, $2 ஆகின்றன. இரண்டாவது "எஸ்ஹெச்" $0 என்ற இடத்தை நிரப்புவதற்காக. சொல்லில் என்ன குறி இருந்தாலும் ஷெல் அதைக் கட்டளையாகப் படிக்க வாய்ப்பே இல்லை.

விண்டோஸில் மட்டும் வரும் அறிகுறிகள்

விண்டோஸில் லிஸ்ட் என்பது ஒரு தோற்றம்தான். அடியில் போவது ஒற்றை ஸ்ட்ரிங், அதிகபட்சம் 32,767 எழுத்துகள். அதைத் துண்டாக்குவது சிஸ்டம் அல்ல, தொடங்கப்படும் புரோகிராமே. பெரும்பாலான புரோகிராம்கள் மைக்ரோசாஃப்ட் சி நூலகத்தின் விதியைப் பின்பற்றுகின்றன: பேக்ஸ்லாஷ் தனியாக வந்தால் பேக்ஸ்லாஷ்தான், இரட்டை மேற்கோளுக்கு முன்னால் வந்தால் மட்டும் அந்த மேற்கோளைச் சாதாரண எழுத்தாக்கிவிடும். ஒற்றை மேற்கோளுக்கு அங்கே மதிப்பே இல்லை, அதனால் ஷ்லெக்ஸ் கோட்டை விண்டோஸில் பயன்படுத்தக் கூடாது.

அந்த விதியால் வரும் பிழையை நெருங்கிப் பாருங்கள். அடைவுகளை நகலெடுக்கும் ரோபோகாப்பிக்காகக் கையால் இப்படி ஒரு வரி கட்டப்படுகிறது:

ரோபோகாப்பி "டி:\பழைய படங்கள்\" "இ:\காப்பு"

அடைவின் கடைசி பேக்ஸ்லாஷும் மூடும் மேற்கோளும் சேர்ந்து \" ஆகிவிட்டன. ஆகவே மேற்கோள் மூடவில்லை, ஓர் எழுத்தாக உள்ளே போனது. அடுத்த ஸ்பேஸும் உள்ளேதான். இ-க்கு முன்னால் திறக்க வேண்டிய மேற்கோள் இப்போது மூடுகிறது. மிஞ்சுவது ஒரே ஆர்க்யுமென்ட்:

[டி:\பழைய படங்கள்" இ:\காப்பு]

போகுமிடம் எங்கே என்று ரோபோகாப்பி கேட்கும். ஸ்பேஸ் இல்லாத அடைவுக்கு மேற்கோளே தேவைப்படாததால் சோதனையில் இது தப்பிவிடும். லிஸ்ட்டாகக் கொடுத்தால் பைத்தான் கடைசி பேக்ஸ்லாஷை இரட்டித்து அனுப்பும், பிரச்சினை தீர்ந்தது. வரியைக் கையால்தான் கட்ட வேண்டுமென்றால் கடைசி பேக்ஸ்லாஷை வெட்டிவிடுங்கள்.

பேட் கோப்புகள் (விண்டோஸின் கட்டளை ஸ்கிரிப்டுகள்) தனிக் கதை. அவற்றைத் தொடங்கினால் விண்டோஸ் சொல்லாமல் தன் ஷெல்லான சிஎம்டியைக் கூப்பிடுகிறது. சிஎம்டிக்கு அந்த பேக்ஸ்லாஷ் விதி தெரியாது, சதவீதக் குறிகளுக்கு நடுவே உள்ளதை மேற்கோளுக்குள்ளும் விரித்துவிடும். லிஸ்ட் கொடுத்தும் கட்டளை ஊடுருவல் நடக்கலாம் என்று 2024 ஏப்ரலில் பல மொழிகளைப் பாதித்த ஒரு ஓட்டையாக இது வெளிவந்தது. ரஸ்ட் 1.77.2இல் திருத்தம் வந்தது. நோட்.ஜேஎஸ் அதற்குப் பிறகு, ஷெல் இல்லாமல் பேட், சிஎம்டி கோப்புகளைத் தொடங்க மறுத்து ஐன்வால் (ஆர்க்யுமென்ட் செல்லாது) பிழை தருகிறது. நோட்.ஜேஎஸ்ஸின் பேக்கேஜ் கருவியான என்பிஎம்மைத் தொடங்கும் பழைய கோடு விண்டோஸில் திடீரென்று நின்றுபோயிருந்தால் இதுதான் காரணம். முடிந்தால் பேட் கோப்பைத் தாண்டி, அது கடைசியில் கூப்பிடும் உண்மையான எக்ஸியையே நேரடியாகக் கூப்பிடுங்கள்.

மென்பொருளை நிறுவும் எம்எஸ்ஐஎக்ஸெக் மாதிரி சில புரோகிராம்கள் சொந்த விதி வைத்திருக்கின்றன. பெயர்="மதிப்பு" என்று மதிப்பை மட்டும் சுற்றி மேற்கோள் வேண்டும் அதற்கு; நூலகமோ முழு உறுப்பையும் சுற்றிப் போடும். அங்கே மட்டும் லிஸ்ட்டை விட்டுவிட்டு, முழு வரியையும் ஸ்ட்ரிங்காகக் கொடுப்பது நியாயம்.

அறிகுறி: கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் ஓடவில்லை

வரியில் % இருக்கிறதா பாருங்கள். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானின் பட்டியலான க்ரான்டேபில் அது புதிய வரி என்று அர்த்தம்; தேதி வடிவங்கள் இதில்தான் மாட்டும். முன்னால் பேக்ஸ்லாஷ் போடுங்கள். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியின் யூனிட் கோப்பில் % குறியையும் $ குறியையும் இரட்டிக்க வேண்டும், அங்கே இயல்பாக ஷெல்லும் கிடையாது.

அறிகுறி: ஆர்க்யுமென்ட் லிஸ்ட் நீளம் அதிகம்

மேற்கோளைத் தொடாதீர்கள், இது அளவுப் பிரச்சினை. லினக்ஸில் ஒரு தனி ஆர்க்யுமென்ட் 128 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது. மொத்தம் வழக்கமான 8 எம்பி ஸ்டாக் வரம்பில் 2 எம்பி. சிஎம்டி வழியாகப் போனால் 8,191 எழுத்துகள். பெரிய தரவை ஸ்டாண்டர்ட் இன்புட் வழியாகவோ கோப்பில் எழுதியோ கொடுங்கள். பாஸ்வேர்டுக்கும் இதையே செய்யுங்கள், ஏனென்றால் ஆர்க்யுமென்ட்கள் அந்த மெஷினில் உள்ள மற்றவர்களின் ப்ராசஸ் பட்டியலிலும் தெரியக்கூடியவை.

சரிசெய்த பிறகு

எந்த அறிகுறியில் தொடங்கியிருந்தாலும், திருத்தத்தை ஒரு சாதாரண பெயரை வைத்துச் சோதித்துவிட்டு விடாதீர்கள். ஒரு லிஸ்ட் தயார் செய்யுங்கள்: ஸ்பேஸ் உள்ள பெயர், ஒற்றை மேற்கோள் உள்ளது, இரட்டை மேற்கோள் உள்ளது, - குறியில் தொடங்குவது, $ உள்ளது, % உள்ளது, பேக்ஸ்லாஷில் முடிவது, தமிழ் எழுத்தில் இருப்பது, நடுவே புதிய வரி உள்ளது. காலி ஸ்ட்ரிங்கையும் சேருங்கள். யாராவது வழியில் ஒட்டி வெட்டியிருந்தால் சத்தமில்லாமல் காணாமல் போகிற முதல் ஆள் அதுதான். இந்த லிஸ்ட்டை நீங்கள் கூப்பிடும் அதே ஃபங்ஷன் வழியாக அந்த அச்சிடும் குட்டிப் புரோகிராமுக்கு அனுப்பி, அனுப்பியதும் வந்ததும் உறுப்புக்கு உறுப்பு சமமா என்று டெஸ்டில் ஒப்பிடுங்கள். லினக்ஸில் ஒரு முறை, விண்டோஸுக்கும் தருவதாக இருந்தால் அங்கேயும் ஒரு முறை.